சொல்லாமல் அடுக்கிய பெட்டி

பிப்ரவரி 6

என் கல்லுளிமங்கனுக்கு,

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. வக்கீல் நோட்டீஸ் இல்லை. உன் மனைவிதான் எழுதுகிறேன்.

போன வாரம் போனில் அரை மணி நேரம் பேசினோம். பேசினோம் என்றா சொன்னேன்? நான் பேசினேன், நீ 'ம்' சொன்னாய். இங்கே குளிர் என்றேன், 'ம்'. அறை பிடித்திருக்கிறது என்றேன், 'ம்'. பெட்டி விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை என்றேன், அதற்கும் அதே 'ம்'. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய்? அதனால் ஒரு முடிவு செய்துவிட்டேன். இனி போன் கிடையாது. மெயிலும் வேண்டாம், அதில் 'பார்த்தேன்' என்று ஒற்றை வார்த்தை அனுப்புவாய். காகிதத்தில் எழுது. வெறும் 'ம்' எழுதி, தபால்தலை ஒட்டி, தபால்பெட்டி வரை நடந்துபோய்ப் போட உனக்கே வெட்கமாக இருக்கும்.

முதலில் பெட்டியைப் பேசி முடித்துவிடலாம். கிளம்புகிற அன்று காலையில் நான் பெட்டியை அடுக்கி முடித்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன். ரயில் நிலையத்தில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். வைத்த இடத்தில் அட்டை இல்லை. அட்டை என்ன, வைத்த இடமே இல்லை! நான் குளித்துவிட்டு வருவதற்குள் நீ மொத்தத்தையும் பிரித்து, மூலைக்கு மூலை மட்டம் பார்த்து, உன் பாணியில் அடுக்கி வைத்திருந்தாய். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட, நான் மண்டிபோட்டு உட்கார்ந்து ஊரே பார்க்க என் துணிமணிகளைக் கிளறினேன். எல்லாம் வெளியே வந்த பிறகு நீ மெதுவாக, "உள் ஜிப்புல இருக்கு" என்றாய். அந்த ஒரு வார்த்தையை வீட்டிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஆத்திரத்தில்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன். ஏறினதும் வருத்தப்பட்டேன். இறங்கினதும் மறுபடி ஆத்திரம் வந்துவிட்டது.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. ஆபீசில் நம் டீம் எழுதிக்கொடுத்த மருந்துப் பதிவு மென்பொருளின் திரையை இந்த ஆஸ்பத்திரியின் எல்லா வார்டிலும் வைத்துவிட்டார்கள். எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து, கொடுத்தாயிற்றா இல்லையா என்பதெல்லாம் இப்போது அதில்தான். நர்ஸ்களோடு சுற்றி, அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு எழுதி அனுப்புவது என் வேலை. கணினி முன்னால் குந்தியிருந்ததைவிட இது எனக்கு ஒத்துவருகிறது. தையல் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் என் கட்டில் லேசாக அதிர்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். ஏப்ரல் பத்தோடு என் மூன்று மாதம் முடிகிறது. இன்னும் ஒரு வருடம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய்? எழுது.

உன்,
ரேடியோ

•

பிப்ரவரி 15

ரேடியோவுக்கு,

கடிதம் வந்தது.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். தபால்தலை ஏற்கெனவே வாங்கிவிட்டதால் மேலே எழுதுகிறேன்.

பெட்டி: ஷூவைச் சட்டைக்கு மேலே வைத்திருந்தாய். சட்டை நசுங்கும். சொன்னால், கிளம்புகிற நேரத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறான் என்று வருத்தப்படுவாய். அதனால் சொல்லாமல் சரிசெய்தேன்.

ஒரு வருடம்: உன் இஷ்டம். உனக்கு எது நல்லதோ அதைச் செய்.

இங்கே ஒரு செய்தி. என்னை டீம் லீடர் ஆக்கிவிட்டார்கள். பழையவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மேனேஜர் கூப்பிட்டு, "டீம்லயே உன் கோட்தான் சுத்தம். அதனால நீதான்" என்றார். கோட் சுத்தமாக எழுதுகிறவன் ஆட்களை எப்படிக் கட்டி மேய்ப்பான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொறுப்பேற்ற வாரமே ஒரு ராஜினாமா. இரட்டையர் அம்மாவை உனக்கு நினைவிருக்கும். இரட்டைப் பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டுவிட்டு, பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். நீ கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் நம் டீமில் சேர்ந்தார். மார்ச்சோடு போகிறாராம். காரணம் கேட்டால் "வீட்டு வேலை" என்று எழுதியிருக்கிறார். மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இவங்களும் போயிட்டா உன்னோட சேர்த்து ரெண்டே பேர். அப்புறம் லீடர் எதுக்கு?" என்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் எந்தச் சொல்லுமே சொன்னதில்லை. அவர் கோட்டில் குறை இருந்தால் எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுக்க மாட்டேன். சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போன பிறகு நானே மாற்றி எழுதிவிடுவேன். காலையில் அவர் வந்து பார்க்கும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும். இதைவிட ஒருவரை எப்படி மரியாதையாக நடத்துவது?

பக்கம் நிரம்பிவிட்டது. எனக்கே ஆச்சரியம்.

இப்படிக்கு,
நான்

•

பிப்ரவரி 24

கல்லுளிமங்கா,

'உன் இஷ்டம்'. ஆகா! என்ன ஒரு பெருந்தன்மை! என் இஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியாதா? உன் இஷ்டத்தைக் கேட்டால் என் இஷ்டத்தையே எடுத்து எனக்குப் பரிமாறுகிறாய். அதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நான் பேசவில்லை என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்.

இதையும் கேள். நேற்று ஆபீசுக்கு நான் அனுப்பின புகார் மெயிலை நீ பார்த்திருப்பாய். மெயிலில் எழுதாத கதை இது.

மருந்து கொடுத்ததும் நர்ஸ் பட்டனை அழுத்தினால், நோயாளியின் பெயர் திரை முழுக்கப் பெரிதாக வரும். 'இவருக்குத்தான்' என்று இன்னொரு தடவை அழுத்தினால்தான் பதிவாகும். இங்கே எல்லோருக்கும் அது பழகிவிட்டது. போன வாரம் புது வெர்ஷன் வந்தது, அந்தப் பெயர்த் திரையைக் காணோம். முந்தாநாள் ஒரு நர்ஸ் ஜன்னலோரக் கட்டில்காரருக்கு மருந்து கொடுத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலின் பட்டனை அழுத்திவிட்டார். அங்கே படுத்திருப்பவர் ஒரு டாக்சி டிரைவர், ஊர்க்கதை பேசுகிறவர். அடுத்த நர்ஸ் வந்து திரையைப் பார்த்து, "உங்களுக்குக் குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரக் கட்டிலுக்கு மறுபடி மருந்தை எடுத்தார். டிரைவர் விடவில்லை. "சிஸ்டர், எனக்கு எங்க குடுத்தீங்க? அவருக்குத்தான் இப்ப குடுத்துட்டுப் போனாங்க. நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே" என்று பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் வாயாடியாக இல்லாமல் இருந்திருந்தால் ஜன்னலோரத்துக்காரருக்கு ஒரே மருந்து ரெண்டு தடவை போயிருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பழைய வெர்ஷனை மாலைக்குள் திருப்பிப் போட்டுவிட்டீர்கள், நன்றி. ஆனால் அந்தப் பெயர்த் திரையை எழுதியது இரட்டையர் அம்மா என்று எனக்குத் தெரியும். எடுத்தது யார்? ஒரு அழுத்து மிச்சம் என்று சந்தோஷப்படுகிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான்.

அவர் காலையில் வந்து பார்க்கும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். என் பெட்டியும் சுத்தமாகத்தான் இருந்தது. என் பொருள் எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்றுகொண்டு, என் பெட்டியை அடுக்கக்கூட எனக்குத் தெரியாதோ என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது. அந்தப் பெண்மணிக்கு அது தினமும் காலையில் வந்திருக்கிறது.

அவரிடம் போய் ஒன்றே ஒன்று கேள். 'அந்தத் திரையை ஏன் வைத்தீர்கள்?' கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நில்.

ரேடியோ

•

மார்ச் 5

ரேடியோவுக்கு,

எடுத்தது நான்தான். நீ சொன்னது சரி.

உன் கடிதம் வருவதற்கு முன்பே மேனேஜர் எல்லா டீமையும் கூட்டிக் கூட்டம் போட்டார். இரட்டையர் அம்மாவைப் பார்த்து, "உங்க ஸ்கிரீன்தானே? யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார். மாற்றியது யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், மாற்றியவன் என்று என் பெயர் கணினியில் பதிவாகியிருக்கிறதே. என்னைக் காட்டிக்கொடுக்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "அவர் என்ன சொல்ல வர்றார்னா" என்று ஆரம்பித்து என்னைக் கரையேற்றியிருப்பாய். நீ இல்லை. பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரி கையைத் தூக்கினேன். மேனேஜர், "என்ன, பாத்ரூமா?" என்றார்.

"நான்தான் எடுத்தேன். அவங்ககிட்ட சொல்லல" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசினதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பிறகு உன் கடிதம் வந்தது. அவரிடம் பேசுவதற்கு ஒரு தாளில் தயார் செய்துகொண்டேன். அவர் பரவாயில்லை என்றால் நான் இதைச் சொல்வது, கோபப்பட்டால் அதைச் சொல்வது. காபி மெஷின் பக்கத்தில் போய் நின்று கேட்டேன், "அந்தப் பேர் வர்ற ஸ்கிரீனை ஏன் வச்சீங்க?" அவர் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. கண் கலங்கிவிட்டார். அதற்குத் தாளில் வரி இல்லை. காபி கப்புக்குச் சுற்றும் காகிதத்தை எடுத்து நீட்டினேன். நீ சொன்ன மாதிரி அங்கேயே நின்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு ரெண்டு பசங்க, ஒரே மூஞ்சி. காய்ச்சல் வந்தா சேர்ந்துதான் வரும். ஒரு தடவை தூக்கக் கலக்கத்துல ஒருத்தனுக்கே ரெண்டு பேரோட மருந்தையும் குடுத்துட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அன்னிலேர்ந்து கரண்டியை வாய்க்கிட்ட கொண்டுபோறதுக்கு முன்னாடி பேரைச் சத்தமாச் சொல்லிக் கூப்பிடுவேன். அதைத்தான் அந்த ஸ்கிரீன்ல வச்சேன். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

இன்னொன்றும் சொன்னார். "தினமும் காலையில திறந்தா நேத்து நான் எழுதினது இருக்காது. உங்ககிட்ட எப்படிக் கேக்கறது? இத்தனை வருஷம் வீட்ல இருந்ததுல எல்லாம் மறந்துபோச்சு, இனிமே இது நமக்கு வராதுன்னு நினைச்சுக்கிட்டேன். அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் மாற்றியதில் பாதி, மாற்றவே தேவையில்லாதது. என் பாணி இல்லை என்பதற்காக மாற்றினேன். இதைச் சொன்னேன். அவர் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராஜினாமா அப்படியே இருக்கிறது.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கையோடு சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேச வராது என்று நீ ஊர் பூராவும் சொல்கிறாய். கல்யாணமாகி இந்த எட்டு வருடத்தில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீதான் முடித்திருக்கிறாய். ஆபீசில் எனக்கு எதிர்ப்பு இருக்கிறதா, சம்மதமா என்று நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். பல் டாக்டரிடம் எனக்கு எங்கே வலி என்றுகூட நீதான் சொன்னாய். தப்பான பல்லைக் காட்டினாய். அவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் 'ம்' என்றேன். வேறு என்ன சொல்ல?

நான்

•

மார்ச் 11

படித்தேன். இரண்டு தடவை.

பல் விஷயம் எனக்குத் தெரியாது. எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் பொறு.

ரேடியோ

•

மார்ச் 17

அன்புள்ளவனுக்கு,

முதலில் எனக்குப் பயங்கரக் கோபம். இத்தனை வருடம் இவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேனே, நன்றி கெட்டவன் என்று நினைத்தேன். கீழே தையல்கார அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு கேட்டார். ஊசியை எடுப்பதற்குள் நானே அவர் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன். பாதிப் படியில்தான் உறைத்தது.

மறுநாள் ஹெட் நர்ஸ் அதே அடியைப் போட்டார். வாராவாரம் நர்ஸ்களை உட்கார வைத்துக் குறை கேட்பேன் அல்லவா? அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க கேள்வி கேக்கறீங்க. நாங்க வாயைத் திறக்கறதுக்குள்ள பதிலையும் நீங்களே சொல்லிக்கிறீங்க. அப்புறம் எங்களை எதுக்கு உட்கார வச்சிருக்கீங்க?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது சிவந்துவிட்டது.

அன்றைய கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னால் எப்படித்தான் இப்படி இருக்க முடிகிறதோ, சாமி! எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாமா என்று எனக்கு உதடு துடிக்கிறது. அப்போது தவறான கட்டிலை அழுத்தினாரே, அந்த நர்ஸ், அன்றிலிருந்து பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தவர், மெதுவாகச் சொன்னார். "கையுறையோட அழுத்தினா பக்கத்துப் பட்டன் விழுதுங்க. ரொம்ப நெருக்கமா இருக்கு." பார்த்தாயா? நான் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததற்கு அதுதான் பதில். நான் மூச்சு விட இடம் கொடுத்திருந்தால் ஜனவரியிலேயே வந்திருக்கும். இரட்டையர் அம்மாவின் பெயர்த் திரைதான் இத்தனை நாள் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லி அவருக்கே எழுதிவிட்டேன். ஹெட் நர்ஸும் அவருக்கு ஒரு நன்றி எழுதியிருக்கிறார், கேட்டு வாங்கிப் படி.

ஆகவே பல்லுக்கு மன்னித்துவிடு. வலித்ததா? இதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீயே சொல்.

இன்னொன்று. திங்கட்கிழமை பேருந்திலிருந்து இறங்கும்போது கண்ணாடி விழுந்து என் காலாலேயே மிதிபட்டது. எனக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் என்ன கதி என்று உனக்குத் தெரியும். தட்டுத் தடவி அறைக்கு வந்து, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அழுதுகொண்டே பெட்டியை இழுத்தேன். மூடியின் உள்பையில் உன் சாம்பல் நிறக் காலுறை ஒன்று உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளே கைக்குட்டை. அதற்குள் நான் எடுத்துவைக்க மறந்திருந்த பழைய கண்ணாடி. கூடவே அதன் திருகாணியை முடுக்க உன் மேசையிலிருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவர்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். இந்த முறை தெளிவாகத் தெரிந்துகொண்டே அழுதேன். நான் குளிக்கப் போன அந்த நேரத்தில் நீ ஷூவை மட்டும் பார்க்கவில்லை. நன்றிடா. மனசார நன்றி. ஆனால் மடையா, அதைச் சொல்லியிருந்தால் நான் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறியிருப்பேனே! இத்தனை நாளும் இந்த அறையில் எனக்கு அது ஒரு தெம்பாக இருந்திருக்குமே!

மாதக் கடைசி நெருங்குகிறது. கேள்வியைக் கேட்டாயிற்று. உனக்காகப் பதிலையும் நானே சொல்லிக்கொள்ளப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.

உன்,
ரேடியோ (ஒலிபரப்பு தற்காலிகமாக நிறுத்தம்)

•

மார்ச் 26

என் ரேடியோவுக்கு,

வலித்தது. அந்தப் பல் இல்லை, பக்கத்துப் பல். இப்போது நானே போய் வாய் திறந்து சொல்லி அடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டர், "உங்க வீட்டம்மா வரலையா?" என்று கேட்டார்.

கண்ணாடி உடைந்ததற்கு வருத்தம். காலுறைக்குள் வைத்ததைச் சொல்லத்தான் நினைத்தேன். நீ அட்டையைத் தேடிக் கோபமாக இருந்தாய். இப்போது போய்ச் சொன்னால் லஞ்சம் கொடுத்த மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது. அது கிடைத்ததும் நீ எழுதியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம். எழுதிவிட்டேன்.

இரட்டையர் அம்மா கதையைக் கேள். இப்போதெல்லாம் அவர் கோட்டில் ஏதாவது படுகிறது என்றால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் மேசைக்கே போய்விடுகிறேன். "இது ஏன் இப்படி?" என்று கேட்பேன். முதல் ரெண்டு நாள் கேள்வியைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்தது. அதனால் "எனக்குப் புரியல, சொல்லிக்குடுங்க" என்று முன்னால் சேர்த்துக்கொண்டேன். பாதி நேரம் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கிறது. மீதி நேரம் அவரே, "அட, ஆமா இல்ல?" என்று திருத்திக்கொள்கிறார். நான் தனியாகச் சாயந்திரம் உட்கார்ந்து மாற்றினதைவிட நேரம் குறைவுதான் ஆகிறது. நேற்று அவர் என் திரையை எட்டிப் பார்த்து, "உங்க கோட்லயும் ஒண்ணு சொல்லலாமா?" என்றார். சொன்னார். தப்புதான். சுருக்கென்றது. பிறகு பரவாயில்லை.

திங்கள் கூட்டத்தில் ஹெட் நர்ஸ் அனுப்பிய நன்றியை மேனேஜர் வாசித்துவிட்டு என் முதுகைத் தட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, எழுந்தாகிவிட்டது, எல்லோரும் பார்க்கிறார்கள். "இது எனக்கு வர வேண்டியதில்ல. அந்த ஸ்கிரீன் இவங்களோடது. ஒரு அம்மாவா கத்துக்கிட்டதைக் கோட்ல எழுதியிருக்காங்க. அது எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் நான் கேக்கல. இவங்க திரும்பி வேலைக்கு வந்ததுக்கு நாம நன்றி சொல்லணும்" என்றேன். அவர் பக்கம் திரும்பி, "நன்றிங்க" என்றேன். காது ரெண்டும் சூடாகிவிட்டது. உட்காரும்போது நாற்காலி நகர்ந்துபோய்க் கீழே விழப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இன்று காலை என் மேசைக்கு வந்தார். "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், நான் போகல. ஒரு கண்டிஷன். என் கோட்ல கை வைங்க, வேண்டாம்னு சொல்லல. சொல்லிட்டு வைங்க" என்றார். நான் 'ம்' என்று சொல்ல வாயெடுத்து, "கண்டிப்பா" என்றேன்.

இனி உன் கேள்வி. இந்தப் பத்தியை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

'உன் இஷ்டம்' என்று எழுதியது பொய். நீ வர வேண்டும். அது என் இஷ்டம். நீ கழுவின டம்ளரை நான் மறுபடி கழுவுவேன் என்று உனக்குத் தெரியும், நீ அதற்கு எவ்வளவு கத்தியிருக்கிறாய். இந்த மூன்று மாதமாக வீட்டில் ஒரே ஒரு டம்ளர்தான் கழுவுகிறேன். அது சுத்தமாகவே இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே உனக்கு வேலை பிடித்திருக்கிறது, தெரியும். இருக்கத்தான் வேண்டும் என்றால் இரு, நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே வருகிறேன், என் வேலையை எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்யலாம். ஆனால் நீ இல்லாமல் எனக்குப் பரவாயில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. இத்தனை வருடம் எனக்காகப் பேசினாய், நன்றி. இதை மட்டும் நானே சொல்ல வேண்டும். எனக்கு நீ வேண்டும்.

நான்

•

ஏப்ரல் 2

என்னவனுக்கு,

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வரை உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். போனை எடுத்து எடுத்து வைத்தேன். இல்லை, அவன்தான் சொல்ல வேண்டும், நான் இழுத்துப் பிடுங்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். மதியம் மேலிடத்தில் கூப்பிட்டு, "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்கள்.

என் மூக்கில் அந்தப் பழைய கண்ணாடிதான் இருந்தது. ஒரு பக்கம் லேசாக ஆடிக்கொண்டிருந்த திருகாணியை அன்று காலையில்தான் உன் ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கியிருந்தேன். நான் யோசிக்கவே இல்லை. "ஒரு வருஷம் முடியாதுங்க. எங்க வீட்ல எனக்காக ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார்" என்றேன். "அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டார்கள். "சொல்லல. காலுறைக்குள்ள வச்சிருந்தார்" என்றேன். பாவம், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையை நான் விடவில்லை, கவலைப்படாதே. வீட்டிலிருந்து செய்கிறேன், மாதம் ஒரு தடவை வந்து நர்ஸ்களோடு உட்காருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்காருவதாக இருந்தால் சரி என்று ஹெட் நர்ஸ் சொன்னார்.

நேற்றுத்தான் உன் கடிதம் வந்தது. ஏப்ரல் ஒன்று! ஏமாந்துவிடுவேனோ என்று பிரிக்கவே பயமாக இருந்தது. படித்தேன். கீழே இறங்கிப்போய்த் தையல்கார அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் படித்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் படித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டம்ளர்" என்று மட்டும் சொன்னார்.

நீ சொல்லாததை நான் கேட்டுவிட்டேன். நீ சொல்லவே மாட்டாய் என்று நினைத்ததை நீ சொல்லிவிட்டாய். நமக்கு வேறு என்னடா வேண்டும்? இரட்டையர் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். அந்த டாக்சி டிரைவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார், அவர் சார்பிலும் சேர்த்து இரண்டு நன்றி.

பத்தாம் தேதி காலை ரயில். பெட்டியை என் பாணியில்தான் அடுக்கப் போகிறேன், ஷூ மேலேதான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நீ பிரித்து அடுக்கிக்கொள், ஆனால் கேட்டுவிட்டு.

நடைமேடைக்கு வந்துவிடு. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவேன். அந்தக் கடைசிப் பத்தியை உன் வாயால் ஒரு தடவை சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நடுவில் எங்கே நின்றாலும் சரி, நான் குறுக்கே பேசமாட்டேன்.

உன்,
ரேடியோ